ஹார்மோன் ஊசியும் கன்றுக் கணக்கும்

ஒரு மாடு, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு, மாடு சினை பிடிக்காமல் போவதைப் போல மனத்தை அரிக்கும் கவலை வேறில்லை. கன்று ஈன்று எட்டு மாதம் ஆகியிருக்கும். வேளைக்கு நாலு லிட்டர் கறந்த மாடு ஒரு லிட்டருக்கு இறங்கியிருக்கும். மூன்று முறை சினை ஊசி போட்டாகிவிட்டது. மூன்று முறையும் இருபத்தோராம் நாள் மாடு மறுபடியும் கத்துகிறது. பால் குறைந்தாலும் தீவனச் செலவு குறைவதில்லை. மாட்டுக் கடனுக்குப் பால் பணத்தில் பிடித்தம் செய்வதும் நிற்பதில்லை. இந்த நேரத்தில்தான் இரண்டு பேர் வாசலுக்கு வருகிறார்கள். ஒருவர் அடிமாட்டுத் தரகர். மற்றவர், "ஹார்மோன் ஊசி ஒன்று போட்டுவிட்டால் கட்டாயம் நின்றுவிடும்" என்று சொல்பவர்.

தரகர் எதற்கு வருகிறார் என்பது விவசாயிக்குத் தெரியும். இரண்டாமவர் சொல்வதைத்தான் எடைபோட்டுப் பார்க்கத் தெரியவேண்டியிருக்கிறது. ஹார்மோன் ஊசி பொய்யான மருந்தன்று. உரிய மாட்டுக்கு உரிய நாளில் போட்டால் பலன் தரும் மருந்துதான். ஆனால் மாட்டைக் கையிட்டுச் சோதிக்காமல், ஏடு எதையும் பார்க்காமல், கொட்டிலுக்கு வெளியே நின்றபடி எடுத்த முடிவின் பேரில் போடப்படும் ஊசிக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கக்கூடாது. அப்படிப் போட்ட ஊசிக்குப் பின்னும் பத்து மாடுகளில் நாலு நின்றுவிடுவதால்தான் அதன் பேரில் நம்பிக்கை வளர்ந்திருக்கிறது. அந்த நாலும் ஊசியால் நின்றவைதானா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

நூறு மாட்டுக் கணக்கு

எந்தக் குறையும் இல்லாத நல்ல கிடாரிகள் நூறு, நல்ல காளையின் விந்து, சரியான நேரம், கைதேர்ந்த ஆள். இவ்வளவும் கூடி வந்தாலும் ஒரு முறை சினை ஊசி போட்டதில் நூறு கன்றுகள் பிறப்பதில்லை. நூறில் ஏறத்தாழ தொண்ணூறு மாடுகளில் முட்டையும் விந்தும் கூடிக் கரு உண்டாகிவிடுகிறது. ஆனால் கன்றாகப் பிறப்பது ஐம்பத்தைந்து அளவில்தான். நடுவே மறைந்துபோகும் கருக்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று வாரத்திற்குள்ளேயே அழிந்துவிடுகின்றன. மாடு வழக்கம்போல் இருபத்தோராம் நாள் கத்துகிறது. விவசாயி "ஊசி பிடிக்கவில்லை" என்கிறார். உண்மையில் பிடித்துத்தான் இருந்தது, தங்கவில்லை.

இது எல்லா வசதியும் உள்ள பண்ணையின் கணக்கு. கிராமத்தில் வெயில், தீவனக் குறைவு, பருவம் பார்ப்பதில் தவறு எல்லாம் சேர்வதால், நம் நாட்டில் செயற்கை முறைக் கருவூட்டலில் நூற்றுக்கு முப்பத்தைந்து அளவில்தான் சினை நிற்பதாகச் சொல்லப்படுகிறது. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாற்பது என்றே வைத்துக்கொள்ளலாம்.

நூறு மாடுகளுக்கு முதல் ஊசி போட்டால் நாற்பது நிற்கும், அறுபது மிஞ்சும். அந்த அறுபதுக்கு இரண்டாம் ஊசியில் இருபத்து நாலு நிற்கும், முப்பத்தாறு மிஞ்சும். மூன்றாம் ஊசியில் பதினாலு நிற்கும், இருபத்திரண்டு மிஞ்சும். மூன்று ஊசிக்கும் நிற்காத மாட்டைத் 'தொடர்ந்து சினை பிடிக்காத மாடு' என்று பட்டியலில் சேர்ப்பது வழக்கம். ஆனால் மேலே சொன்ன நூறு மாடுகளில் ஒன்றுக்குக்கூட நோய் இருந்ததாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நாணயத்தைச் சுண்டிப் போடும்போது மூன்று முறையும் பூ விழாமல் போவதில்லையா, அதுபோலத்தான். எந்தக் குறையும் இல்லாமலே நூற்றுக்கு இருபத்திரண்டு மாடுகள் 'மலடு' என்ற பெயர் வாங்கிவிடுகின்றன. நூற்றுக்கு முப்பத்தைந்துதான் நிற்கும் என்று வைத்துக்கொண்டால் இந்த எண்ணிக்கை இருபத்தேழு ஆகிவிடும்.

இந்த இருபத்திரண்டு மாடுகளுக்கும் நாலாம் முறை சினை ஊசி போடும்போது, கூடவே ஒரு ஹார்மோன் ஊசியும் போடப்படுகிறது. வழக்கமான கணக்கின்படி ஒன்பது மாடுகள் நின்றுவிடும். ஹார்மோனுக்குப் பதில் வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றியிருந்தாலும் ஒன்பது நின்றிருக்கும். ஆனால் அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும் வாழ்நாள் முழுதும் ஹார்மோன் ஊசியைப் புகழ்வார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். நிற்காத பதின்மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் மாட்டைத்தான் குறை சொல்வார்களே தவிர, ஊசியைச் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் ஊசியின் உண்மையான பலனை அறிவது எப்படி? ஒரே மாதிரியான மாடுகளில் பாதிக்குப் போட்டு, பாதிக்குப் போடாமல் விட்டு, இரு பக்கமும் எண்ணிப் பார்க்கவேண்டும். சினை ஊசி போடும் அன்று 'ஜி.என்.ஆர்.எச்.' என்னும் ஹார்மோனைச் சேர்த்துப் போட்ட இத்தகைய சோதனைகள் பலவற்றைத் தொகுத்து, 1993-ல் ஆஸ்திரேலிய கால்நடை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தொடர்ந்து சினை பிடிக்காத மாடுகளில் இது சினை வாய்ப்பைச் சுமார் 22 சதவிகிதம் உயர்த்துவதாக அதில் கண்டார்கள். இந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு தவறு எளிதில் நேர்ந்துவிடும். நூறு மாட்டுக்கு இருபத்திரண்டு மாடு கூடுதல் என்று இதற்குப் பொருளில்லை. ஊசி இல்லாமல் நூறில் முப்பது நிற்கும் இடத்தில், ஊசி போட்டால் முப்பத்தாறு அல்லது முப்பத்தேழு நிற்கும் என்பதே பொருள். ஆறு ஏழு மாடு லாபம்தான். வேண்டாம் என்று தள்ளத்தக்கதன்று. ஆனால் 'கட்டாயம் நிற்கும்' என்ற பேச்சுக்கும் இதற்கும் வெகுதூரம்.

மாட்டின் உடலில் நடப்பது

சினை பிடிக்காத மாட்டுக்கு என்ன ஊசி என்று கேட்குமுன், அந்த மாட்டின் உடலில் எந்த ஹார்மோன் எந்த அளவில் இருக்கிறது என்று தெரியவேண்டும். இருபத்தொரு நாள் சுற்றில் இது நாளுக்கு நாள் மாறுகிறது.

பருவத்துக்கு வரும் நாளில் சினைப்பையில் முட்டையைத் தாங்கிய நீர்க்கொப்புளம் பெரிதாகி, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. மாடு கத்துவது, வழவழப்பான திரவம் தொங்குவது, மற்ற மாடு மேலே ஏறினால் அசையாமல் நிற்பது எல்லாம் இதன் வேலை. பருவம் முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் கொப்புளம் உடைந்து முட்டை வெளிப்படும். கொப்புளம் உடைந்த இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திரள் வளர்கிறது. இது புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனைச் சுரக்கிறது. கரு தங்கினால் அதைக் காப்பாற்றுவது இந்தப் புரோஜெஸ்டிரோனே. கரு தங்காவிட்டால், பதினாறு பதினேழு நாள் கழித்துக் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து மஞ்சள் திரளைக் கரைத்துவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் சரிகிறது; மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறது.

பருவ நாளில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஒரு நானோகிராமுக்கும் கீழே இருக்கும். சுற்றின் நடுவில் பல மடங்கு உயரும். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறியும் முறையை வகுத்ததற்காகத்தான் அமெரிக்காவைச் சேர்ந்த ரோசலின் யாலோ அம்மையாருக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னாளில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து, வளரும் நாடுகளின் கறவை மாடுகளில் இந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்தன. மாட்டின் இரத்தம்கூட வேண்டியதில்லை. பாலிலேயே புரோஜெஸ்டிரோன் இருக்கிறது. சினை ஊசி போடும் அன்று பாலில் இது குறைவாக இருக்கவேண்டும். அதிகமாக இருந்தால் மாடு பருவத்திலேயே இல்லை என்று பொருள். அப்படிப் பருவத்தில் இல்லாத மாடுகளுக்கும் சினை ஊசி போடப்பட்டிருந்தது பல நாடுகளிலும் இந்தச் சோதனையால் வெளிப்பட்டது. அந்த மாட்டுக்கு உலகத்திலேயே சிறந்த காளையின் விந்தைச் செலுத்தியும் பயனில்லை.

சினை ஊசி போட்ட இருபத்திரண்டாம் நாளையொட்டிப் பாலைப் பார்த்து, அளவு குறைவாக இருந்தால் சினை இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகவே சொல்லிவிடலாம். அதிகமாக இருந்தால் சினையாக இருக்கலாம், அவ்வளவுதான். அளவு உயர்ந்திருக்க வேறு காரணங்களும் உண்டு. ஹார்மோன் அளவு 'இல்லை' என்று அடித்துச் சொல்வதைப்போல 'உண்டு' என்று அடித்துச் சொல்லாது. ஆகவே இரண்டு மூன்று மாதத்தில் கையிட்டுச் சினை பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. மேலும் பால் சோதனைக்கு ஆய்வுக்கூட வசதி வேண்டும். கொட்டிலில் நிற்கும் மாட்டுக்கு, பழகிய மருத்துவரின் கையும், விவசாயி குறித்து வைத்த தேதியுமே ஆய்வுக்கூடம்.

ஏரியும் மதகும்

கிராமங்களில் பருவத்துக்கு வராத மாட்டுக்கு அதிகமாகப் போடப்படுவது புரோஸ்டாகிளாண்டின் ஊசி. கருப்பை தானாகச் சுரக்கும் பொருளை ஊசி வழியே முன்கூட்டிச் செலுத்துவதே இது. மஞ்சள் திரள் கரைந்து, இரண்டு முதல் ஐந்து நாளில் மாடு பருவத்துக்கு வரும். ஆனால் கரைவதற்கு அங்கே மஞ்சள் திரள் இருக்கவேண்டும்! சுற்றின் ஐந்தாறு நாளிலிருந்து பதினாறு பதினேழு நாள் வரைதான் இந்த ஊசிக்கு வேலை. அதற்கு முன்னால் திரள் முற்றவில்லை. பின்னால் தானாகவே கரைகிறது. நாள் தெரியாமல் போட்டால் ஏறத்தாழ பாதி மாடுகளுக்கு ஊசி வீண். அதனால்தான் நாள் தெரியாத மாடுகளுக்குப் பதினோரு நாள் அல்லது இரு வாரம் இடைவெளி விட்டு இரண்டாம் ஊசியும் போடும் முறை ஏற்பட்டது.

பருவமே வராமல் விலா எலும்பை எண்ணும்படி நிற்கும் மாட்டின் நிலை வேறு. அதன் சினைப்பை சிறுத்து, வழவழப்பாக, வேலை நிறுத்தம் செய்ததுபோல இருக்கும். மஞ்சள் திரள் கிடையாது. வளரும் கொப்புளமும் கிடையாது. அந்த மாட்டுக்குப் புரோஸ்டாகிளாண்டின் போடுவது, ஏரியில் தண்ணீர் இல்லாதபோது மதகைத் திறப்பதைப் போன்றது. மதகைத் திறந்தவர் மீது குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். பயிர் காய்வது நிற்காது.

இதற்குக் காரணம் தீவனம். ஈன்ற புதிதில் மாடு தின்பதைவிடப் பாலில் கொடுப்பது அதிகம். குறைவதை உடம்புக் கொழுப்பிலிருந்து ஈடுகட்டுகிறது. அப்படி உடம்பு கரையும்போது, சினைப்பையை இயக்கும்படி மூளையிலிருந்து போகும் ஹார்மோன் உத்தரவு மங்கிவிடுகிறது. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளாத மாடு இன்னொரு உயிரைச் சுமக்கவேண்டாம் என்று இயற்கை வைத்திருக்கும் கட்டுப்பாடு இது. வெறும் வைக்கோலை மட்டும் போட்டு அதை ஊசியால் மீற முயல்வது வீண் செலவு. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. தவிட்டில் அது மிகுதி. பசுந்தீவனம், கொஞ்சம் பிண்ணாக்கு, தவிடு, நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, தேவைப்பட்டால் குடற்புழு நீக்கம் ஆகியவற்றைக் கவனித்து ஒன்றிரண்டு மாதம் தேற்றினால், பல மாடுகள் ஊசி இல்லாமலே பருவத்துக்கு வந்துவிடும். வரப்போரத்தில் கோ-4 கரணை நாலு வரிசை நட்டு வைப்பது மாடு பருவத்துக்கு வரவும் உதவும். கொஞ்சம் தேறியும் பருவம் வராத மாட்டுக்குத்தான், புரோஜெஸ்டிரோன் தோய்ந்த சாதனத்தை ஏழு முதல் ஒன்பது நாள் வரை பிறப்புறுப்பில் வைத்து எடுக்கும் சிகிச்சை பலன் தரும். எலும்பும் தோலுமான மாட்டுக்கு அதையும் வைத்துவிட்டுப் பலனில்லை என்று சொல்வது சாதனத்தின் குறையன்று.

நோய்க்கேற்ற ஹார்மோன் நன்றாக வேலை செய்வதற்கும் உதாரணம் உண்டு. சில மாடுகள் ஒழுங்கு இல்லாமல், சில நாளைக்கு ஒருமுறை கத்தும். வால் அடி குழிந்து, எந்நேரமும் பருவத்தில் இருப்பதுபோலக் காணும். சினைப்பையில் கொப்புளம் உடையாமல் கட்டியாக நிலைத்துவிட்டதன் அடையாளம் இது. இதற்கு ஜி.என்.ஆர்.எச். ஊசி நல்ல மருந்து. தொங்கும் திரவம் கண்ணாடிபோலத் தெளிவாக இல்லாமல், கலங்கலாகவோ சீழ்த் துணுக்குகளுடனோ இருக்கும் மாட்டுக்கு வேண்டியது வேறு. நஞ்சுக்கொடி தங்கிப்போன மாடுகளில் இது அதிகம். அதன் கருப்பையில் சீழ் பிடித்திருக்கிறது. அதைக் குணப்படுத்தாமல் அந்தப் பருவத்தில் சினை ஊசி போடுவதே தவறு.

கத்தினால் போதுமா?

ஒரு காலத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைப் போட்டு மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவருவது வழக்கமாக இருந்தது. ஊசி போட்டதும் மாடு கத்தும், திரவம் தொங்கும், காளைக்கும் நிற்கும். பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் முட்டை வெளிப்பட்டதா என்பது வேறு விஷயம். பல மாடுகளில் வெளி அடையாளம் மட்டும்தான் வந்தது. அந்த மருந்தினால் மனிதர்களுக்கே கேடு வரும் என்று தெரிந்து, அமெரிக்காவில் 1979-ல் கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மருந்து போய்விட்டது, 'கத்த வைத்துவிட்டோம்' என்பதை வெற்றியாக எண்ணும் வழக்கம் மட்டும் போகவில்லை.

1995-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், பருவம் பார்க்காமலே குறித்த நேரத்தில் சினை ஊசி போடும் முறையை வகுத்தார்கள். முதல் நாள் ஜி.என்.ஆர்.எச்., ஏழாம் நாள் புரோஸ்டாகிளாண்டின், ஒன்பதாம் நாள் மறுபடி ஜி.என்.ஆர்.எச்., அதன்பின் ஒரு நாளுக்குள் சினை ஊசி. மூன்று ஹார்மோன் ஊசியும் போட்டு முடிந்தபின் ஒரு முறைக்குச் சினை நின்றது நூற்றுக்கு நாற்பதைத் தொட்டும் தொடாமலும்தான்; இயற்கையாகப் பருவம் பார்த்துப் போட்டாலும் ஏறத்தாழ அவ்வளவேதான். அந்த முறையின் லாபம் வேறிடத்தில் இருக்கிறது. பருவம் பார்க்க ஆள் போதாத பெரிய பண்ணையில், ஒரு மாடும் தவறாமல் எல்லா மாட்டுக்கும் சினை ஊசி போய்ச் சேருகிறது. வீட்டு வாசலில் ஒரே மாட்டைக் கட்டி வைத்து, காலையும் மாலையும் அதன் முகத்தில் விழிப்பவருக்கு அந்த லாபத்தின் பெரும்பகுதி தேவையே இல்லை. கண்ணால் பார்த்தாலே போதும்.

ஆனால் கண்ணால் பார்ப்பதில்தான் கோட்டை விடுகிறோம். பருவம் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம்தான் இருக்கும். கோடையில் பெரும்பாலும் இரவில் வந்து விடிவதற்குள் அடங்கிவிடும். மூக்கணாங்கயிற்றில் தனியாகக் கட்டிக் கிடக்கும் கலப்பின மாடு எந்த மாட்டின் மேல் ஏறும், எந்த மாட்டுக்கு நிற்கும்? எருமையில் இந்த அடையாளமும் சரியாகத் தெரியாது. விடிகாலையிலும் இரவு படுக்கப் போகுமுன்பும் அரைமணி நேரம் மாட்டை அவிழ்த்துவிட்டுக் கவனிக்கவேண்டும். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் சினை ஊசி போடுவது முறை. பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் சில மாடுகளுக்கு இரத்தம் சிறிது கசியும். அதைக் கண்டு சினை கலைந்துவிட்டது என்று பயப்படவேண்டாம். பருவம் வந்து போயிற்று என்பதற்கு அதுவே சாட்சி. தேதியைக் குறித்து வைத்து, பத்தொன்பது நாள் கழித்து விழிப்பாக இருந்தால் அடுத்த பருவம் தவறாது. 'பருவத்துக்கே வரவில்லை' என்று ஹார்மோன் கேட்டு வரும் மாடுகளில் பல, வந்து போனதை யாரும் பார்க்காத மாடுகள்தான்.

சோதிக்காமல் போட்டால்

பருவத்துக்கு வராத மாடு ஒருவேளை சினையாகவே இருக்கலாம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது நடப்பதுதான். முன்பு போட்ட சினை ஊசி நின்றிருக்கும், சினை பார்த்திருக்கமாட்டார்கள். சினையுற்ற மாடுகளிலும் நூற்றுக்குச் சில, இடையில் பருவ அடையாளம் காட்டுவதுண்டு. கருவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் மஞ்சள் திரளைப் புரோஸ்டாகிளாண்டின் கரைத்துவிடும். மூன்று மாதச் சினையும் விழுந்துவிடும். எட்டு மாதம் காத்திருந்த விவசாயிக்கு அந்த ஒரு ஊசியால் நேரும் நட்டத்தை எந்த நிவாரணமும் ஈடுகட்டாது. சினை இல்லை என்று கையிட்டு உறுதி செய்யாமல் இந்த ஊசியைப் போட எவரையும் விடக்கூடாது. கேட்பதற்கு விவசாயி கூச்சப்படவேண்டியதில்லை. மாடு அவருடையது.

அதைவிட முக்கியமாக, வீட்டுப் பெண்களைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மாட்டைப் பிடித்துக்கொள்வதும், மருந்துக் குப்பியை வாங்கிக் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்களே. புரோஸ்டாகிளாண்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறக்கூடியது. கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடக்கூடாது. மேலே பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவவேண்டும். காலிக் குப்பியைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் எறியக்கூடாது. மருந்தைப் போடுபவர்களில் எத்தனை பேர் இதை வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

ஒரு மருத்துவர் பல ஊர்களைக் கவனிக்கவேண்டியிருக்கும்போது, ஒவ்வொரு மாட்டையும் கையிட்டுச் சோதிக்க ஏது நேரம் என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் சோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிடம். தவறான ஊசிக்கு ஆகும் நேரம் குறைந்தது இருபத்தொரு நாள். அத்தனை நாளும் தீவனம் போடுவது விவசாயி. ஆள் பற்றாக்குறைக்கு ஆளை நியமிப்பதே பரிகாரம். சோதனையை விட்டுவிடுவது பரிகாரமாகாது.

மலடு நீக்க முகாம்கள் நடத்துவது நல்ல காரியம். முகாம் முடிந்த அன்று, 'இத்தனை மாடுகளுக்குச் சிகிச்சை' என்று செய்தி வருகிறது. மூன்று மாதம் கழித்து அதே ஊருக்குப் போய், அதே மாடுகளைச் சினை பார்த்து, 'இத்தனையில் இத்தனை சினை' என்றும் ஒரு செய்தி வரவேண்டும். மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண் அட்டை போட்டிருக்கும் இக்காலத்தில் இது முடியாத காரியமன்று. சினை ஊசி போடுபவருக்கும், ஊசிக்கு இத்தனை ரூபாய் என்பதோடு நிறுத்தாமல், சினை உறுதியானால் மேலும் இத்தனை என்று வைத்தால் ஊசியின் எண்ணிக்கை குறைந்து கன்றின் எண்ணிக்கை ஏறும். தேதி குறிக்கும் நோட்டு ஒன்று விவசாயியின் வீட்டிலும் தொங்கட்டும். ஈன்ற நாள், பருவம் கண்ட நாளும் வேளையும், சினை ஊசி போட்ட நாள், காளையின் எண், திரவம் தெளிவாக இருந்ததா கலங்கலா என்ற குறிப்பு, என்ன ஹார்மோன் எந்த நாளில் போடப்பட்டது என்பது. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

எந்த வைத்தியமும் பலிக்காத மாடுகளும் இருக்கின்றன. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிறவியிலேயே மலடு. தாய் வயிற்றில் காளைக்கன்றின் இரத்தமும் ஹார்மோனும் கலந்ததால் அவற்றின் கருப்பை வளர்ந்திருக்காது. சினைப்பையும் கருப்பைக் குழலும் ஒட்டிப் பிடித்துக்கொண்ட மாடுகளும் அப்படியே. கையிட்டுப் பார்த்து இவை இன்னவை என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அதன் பேரில் இன்னொரு ஊசிக்குச் செலவழிக்காமல், அந்தப் பணத்தைக் கொட்டிலில் நிற்கும் அடுத்த மாட்டின் தீவனத்தில் போடலாம்.